பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கூடம் திறந்து, கிறிஸ்தவ சபை பேண்டுகளில் புதுப் பிள்ளைகளைச் சேர்த்து முடிந்ததும் ஊதுகருவி பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு வாசிக்கத் தெரியாத பெற்றோர், தாத்தா பாட்டிமார். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

மாஸ்டர், என் மகன் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டர் என்கிற பிளாஸ்டிக் ஊதுகுழல் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பையை வைத்த கையோடு எடுத்து ஊதுகிறான், ஒரே கீச்சு. அவன் அப்பாவுக்குத் தலைவலி, பக்கத்து வீட்டு மாமி ஜன்னலை அடைக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. நான் எப்படி உதவுவது? (ஒரு தாய், தக்கலை)

சங்கீதம் தெரியாதது ஒரு குறையே இல்லை அம்மா. முதல் சில மாதங்களுக்கு அவனுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். அந்தக் கீச்சு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அநேகமாக அவன் பலமாக ஊதுகிறான். ரெக்கார்டருக்குக் காற்று மிகக் கொஞ்சம் போதும், கூடினால் சுரம் உடைந்து மேலே தாவிவிடும். அதனால் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை: நோட்டுத்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, அதன் மேல் முனையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, துண்டு ஒரே சாய்வில் நிற்கும்படி மெல்ல ஊதச் சொல்லுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுக்கட்டும், எட்டு எண்ணும் வரை துண்டு அப்படியே நிற்கட்டும். படபடத்தால் காற்று அதிகம், ஏறி ஏறி இறங்கினால் காற்று சீராக இல்லை. இதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள், நீங்களும் கூடச் சேர்ந்து செய்யலாம். எண்ணுவது உங்கள் வேலை.

அடுத்தது விரல். துளையை விரல் நுனியால் மூடக்கூடாது, சதைப்பகுதியால் மூட வேண்டும். அவன் ஊதி நிறுத்திய உடனே கையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு விரலிலும் துளையின் வட்டம் அச்சாகப் பதிந்திருக்கும். முழு வட்டம் என்றால் சரி, பிறை மாதிரி பாதி வட்டம் என்றால் அந்த விரலோரத்தில் காற்று கசிகிறது, கீச்சும் அங்கிருந்துதான். அப்புறம் இடது கை மேலே, வலது கை கீழே, இடது கட்டைவிரல் பின்பக்கத் துளையில். இதைத் தலைகீழாகப் பிடிக்கிற பிள்ளைகள் நிறைய, பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம், இப்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் மெல்ல 'தூ' என்று தொடங்க வேண்டும். வெறும் 'ஹூ' என்று ஊதினால் தொடக்கம் மங்கிப்போகும்.

ஊதப் போகும்போது தலைப்பகுதியை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கட்டும். நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டால் உள்ளே நீர் கோர்த்துச் சத்தம் கரகரத்துப்போகும், கைச்சூடு ஏறிவிட்டால் அது குறையும். அப்படியும் நீர் நின்றால் மேலே இருக்கிற ஜன்னல் போன்ற திறப்பை விரலால் லேசாக மூடி ஒரு ஊது ஊதினால் வெளியே வந்துவிடும். ஊசி, ஈர்க்குச்சி எதையும் உள்ளே விடவேண்டாம், அந்த விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் வாத்தியமே போச்சு. பிறகு பி, ஏ, ஜி என்ற மூன்று சுரம், மூன்றும் இடது கையில்தான். பி-க்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஏ-க்கு நடுவிரல் சேரும், ஜி-க்கு மோதிரவிரலும் சேரும். ஒவ்வொன்றையும் ஆறு எண்ணும் வரை நீளமாக, சத்தம் ஆடாமல் ஊதட்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பாட்டு அதற்குப் பிறகு. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். சனிக்கிழமை சேர்த்து இரண்டு மணி நேரம் ஊதுவதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

வந்த உடனே ஊத விடாதீர்கள். சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரட்டும். அப்பாவின் தலைவலிக்கும் ஒரு வழி இருக்கிறது. டைல்ஸ் போட்ட ஹாலில் அந்த உச்சச் சத்தம் சுவரில் மோதி இரண்டு பங்காகக் கேட்கும். மெத்தையும் திரைச்சீலையும் துணி அடுக்கும் இருக்கிற படுக்கை அறைக்கு மாற்றிப் பாருங்கள், வீட்டில் சண்டை பாதியாகக் குறையும். 'கொஞ்சம் நிறுத்துடா' என்று மட்டும் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதுவதை விட்டுவிடுகிற பிள்ளைகளில் பலர் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விடுகிறார்கள், இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

என் மகளுக்குப் பத்து வயது, சபை பேண்டில் ட்ரம்பெட். கிறிஸ்மஸ் கேரல் வருவதால் தினமும் ஒரு மணி நேரம் ஊத வைக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே பாட்டைத்தான் ஊதுகிறாள். கால் மணி நேரத்தில் உதடு தடித்து, மேல் சுரம் வராமல் அழுகிறாள். பேண்ட் மாஸ்டர் 'வார்ம் அப் செய்துவிட்டு ஊது' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார். அது என்ன, எப்படிச் செய்வது? (ஒரு தகப்பன், குளச்சல்)

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்துங்கள் அண்ணாச்சி. ட்ரம்பெட்டில் அதிர்வது உதடுதான், சத்தம் அங்கேதான் பிறக்கிறது. நாலரை அடிக்கு மேல் நீளமுள்ள அந்தக் குழாய் அந்த அதிர்வைப் பெரிதாக்கி வெளியே விடுகிறது, அவ்வளவே. பத்து வயதுப் பிள்ளையின் உதட்டுத் தசை சின்னது, சீக்கிரம் களைத்துப்போகும். களைத்த உதட்டால் மேல் சுரம் எட்டவில்லை என்றால் பிள்ளை என்ன செய்யும், வாத்தியத்தை உதட்டோடு வைத்து அழுத்தும். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு உதடு தடிக்கும், தடித்தால் இன்னும் வராது, இன்னும் அழுத்தும். உங்கள் மகள் அழுவது இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டுதான்.

வார்ம் அப் என்றதும் வாத்தியத்தைச் சூடாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் நாடுகளில் அது பெரிய வேலைதான், நம்ம ஊர் வெக்கையில் பித்தளை தானாகவே சூடாக இருக்கும். இங்கே தயாராக வேண்டியது உதடும் மூச்சும் காதும்.

நாற்காலியின் முன்விளிம்பில் நிமிர்ந்து உட்காரட்டும், அல்லது நிற்கட்டும். தோளை உயர்த்தாமல், வயிறும் விலாவும் விரியும்படி மூச்சு இழுத்து, 'ஸ்ஸ்' என்று சீராக விட வேண்டும், நாலைந்து தடவை. பிறகு உதட்டைத் தளர்த்தி, குதிரை செய்வது போலப் படபடவென்று அடிக்க விட வேண்டும், தசை இளகும். அடுத்து ட்ரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு உதடு படுகிற மவுத்பீஸை மட்டும் எடுத்து, இரண்டு விரலால் லேசாகப் பிடித்து ஊத வேண்டும். இரண்டு விரலால் பிடித்தால் அழுத்த முடியாது, அதற்காகத்தான் அப்படி. ஆம்புலன்ஸ் சைரன் போல மேலும் கீழும் வழுக்கி ஊதிப் பார்த்துவிட்டு, தெரிந்த கீர்த்தனை ஒன்றின் முதல் வரியை மவுத்பீஸிலேயே ஊதட்டும். மவுத்பீஸில் சுருதி சேர்ந்தால் ட்ரம்பெட்டிலும் சேரும். இதற்கெல்லாம் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இனி வாத்தியம். எந்த வால்வையும் அழுத்தாமல் வருகிற நடு ஜி-யில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். ஜி-க்கு வால்வு இல்லை, எஃப்-க்கு முதல் வால்வு, ஈ-க்கு ஒன்றும் இரண்டும், டி-க்கு ஒன்றும் மூன்றும், சி-க்கு மறுபடி எதுவும் இல்லை. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் விரல் சரியா என்று நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு சுரமும் எட்டு எண்ணிக்கை, எண்ணெய் ஒழுகுகிற மாதிரி இடையில் உடையாமல், மெதுவான சத்தத்தில் ஊத வேண்டும். எட்டு ஊதினால் எட்டு ஓய்வு, ஊதின அளவுக்கு வாத்தியம் உதட்டை விட்டு இறங்கியே ஆக வேண்டும். அந்த ஓய்வில் நீங்கள் அடுத்த சுரத்தைப் பாடிக் காட்டுங்கள், அல்லது கையால் தாளம் போடுங்கள், பிள்ளை ஓய்வு எடுக்கிறோம் என்றே நினைக்காமல் ஓய்வு எடுக்கும். அப்புறம் வால்வைத் தொடாமல் சி-யிலிருந்து ஜி, ஜி-யிலிருந்து சி, நாக்குப் போடாமல் ஒரே மூச்சில் வழுக்குவது. இது வந்துவிட்டால் உதடு வேலை செய்யக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

மொத்தம் பத்து நிமிடம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் பாட்டு, அதிலும் கீழ் சுரத்தில் இருக்கிற வரிகள் முதலில். இன்னும் ஊத ஆசையிருந்தால் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது இரண்டு நிமிடம் கீழ் சி-யை மெல்ல ஊதி இறக்கி வைக்க வேண்டும். அழுத்துகிறாளா என்று பார்க்க வலது கையின் சுண்டுவிரலைக் கவனியுங்கள். மேலே இருக்கிற வளையத்தில் அந்த விரலை மாட்டி இழுத்துத்தான் பிள்ளைகள் அழுத்துவார்கள். வளையத்துக்கு வெளியே, மேலே வைக்கச் சொன்னால் பாதி அழுத்தம் போய்விடும்.

கேரல் விஷயம் ஒன்று. பேண்ட் மாஸ்டரிடம் பேசி இந்த வருடம் இரண்டாம் அல்லது மூன்றாம் ட்ரம்பெட் பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மெலடி ஊதினால்தான் மரியாதை என்று நினைக்கிற பெற்றோர் நம் சபைகளில் அதிகம், அந்த நினைப்பு பிள்ளையின் உதட்டைக் கெடுக்கிறது. ராத்திரி சுற்றிவரும்போது ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் சத்தமில்லாமல் வாத்தியத்துக்குள் வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டு வரட்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போகிற குழுக்களுக்கு இது அவசியம், டிசம்பர் இரவில் அங்கே பித்தளை நன்றாகக் குளிர்ந்து சுருதி இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு கேக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாப்பிடட்டும், ஒரு வாய் தண்ணீர் கொப்பளிக்காமல் ஊதக்கூடாது.

கை சின்னதாக இருக்கிற பிள்ளைக்கு ட்ரம்பெட்டை விட கார்னெட் நல்லது. குழாய் நீளம் அதே அளவுதான், கூடுதலாகச் சுருட்டியிருப்பதால் உடம்புக்குப் பக்கத்தில் நிற்கும், கை வலிக்காது. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்டுகளில் கார்னெட்தான் பிரதானம்.

கிளாரினெட் ஊதுகிற என் மகனுக்கு மழைக்காலம் வந்தாலே பிரச்சினை. ரீடில் கறுப்புப் புள்ளி விழுகிறது, வாத்தியம் கிறீச்சிடுகிறது. புது ரீடு வாங்கி மாளவில்லை. (வாசகி, மார்த்தாண்டம்)

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ரீடு என்பது நாணல், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நீங்கள் சொல்கிற கறுப்புப் புள்ளி அதுதான். அதை மறுபடி வாயில் வைக்க விடாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊதி முடித்ததும் ரீடை மவுத்பீஸிலேயே விட்டுவிடுவதுதான் தப்பு. கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றி, காற்றோட்டமுள்ள ரீடு உறையில் தட்டையாக வைக்க வேண்டும். மூன்று ரீடு வைத்து நாளுக்கொன்றாக மாற்றினால் ஒவ்வொன்றும் நன்றாகக் காயும், கூட நாள் உழைக்கும். ரீடின் கெட்டித்தன்மைக்கு நம்பர் உண்டு, ஆரம்பப் பிள்ளைக்கு ஒன்றரை அல்லது இரண்டு நம்பர் போதும். 'பெரிய நம்பர் நல்ல நம்பர்' என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள்.

கிறீச்சுக்கு ரீடு மட்டும் காரணம் இல்லை. ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை அளவு தெரிய வேண்டும், கோணலாக இருந்தால் கிறீச்சிடும். வலது உள்ளங்கை ஓரத்துச் சாவிகளில் பட்டாலும் கிறீச்சிடும். வார்ம் அப்புக்கு மவுத்பீஸையும் அதை அடுத்த குட்டைக் குழாயான பேரலையும் மட்டும் இணைத்து ஒரே சுரத்தை நீளமாக ஊதட்டும், மேல்பல் மவுத்பீஸின் மேல், கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் லேசாக மடிந்து. சத்தம் ஆடாமல் பத்து எண்ணும் வரை வந்தால் மற்றப் பகுதிகளை மாட்டலாம். அப்புறம் விரல் எதுவும் வைக்காத ஜி-யிலிருந்து எஃப், ஈ, டி, சி என்று ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். மவுத்பீஸைக் கொதிநீரில் கழுவாதீர்கள், அது செய்யப்பட்ட எபோனைட் (கெட்டி ரப்பர்) நிறம் மாறி வளைந்துபோகும்.

பேரன் ஏழாம் வகுப்பு, புல்லாங்குழல் படிக்கிறான். கொஞ்சம் ஊதினாலே தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிறான். மார்கழித் திருவிழாவில் தாணுமாலயன் கோயிலில் நாகசுரம் கேட்டதிலிருந்து அதையும் படிக்க வேண்டும் என்கிறான். இவனுக்கு ஊதுகருவி ஒத்துவருமா? (ஒரு தாத்தா, சுசீந்திரம்)

தாராளமாக வரும் ஐயா. குழல் படிக்கிற பிள்ளைகளில் அநேகம் பேருக்கு ஆரம்பத்தில் தலை சுற்றும். உதட்டின் துவாரம் இன்னும் சிறுக்காததால் ஊதுகிற காற்றில் பெரும்பகுதி குழலுக்குள் போகாமல் வீணாகிறது, பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்கி விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, தலை சுற்றுகிறது. சுற்றினால் உடனே குழலை வைத்துவிட்டு உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடட்டும், ஒரு நிமிடத்தில் சரியாகும். இரண்டு நிமிடம் ஊதி ஒரு நிமிடம் நிறுத்துகிற பழக்கம் வைத்தால் சில வாரங்களில் நின்றுவிடும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் வேண்டாம். ஊதாத நேரத்திலும் சுற்றினாலோ, இளைப்பு இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, விரல் எதையும் வைக்காமல் வெறும் நாதத்தைத் தேடுவது முதல் வேலை. கண்ணாடி முன் நின்று ஊதினால் உதட்டின் நடுவில் துவாரம் எங்கே இருக்கிறது என்று அவனே பார்த்துக்கொள்வான். பிறகு ச, ப, மேல் ச மூன்றையும் சுருதியோடு கரைகிற வரை நீளமாக. சரளி வரிசை அதற்குப் பிறகுதான், அதுவும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். மூன்று காலமும் ஊதிக் காட்டச் சொல்லி விருந்தாளிகள் முன்னால் நிறுத்தாதீர்கள். சின்னக் கைக்கு 5 கட்டைச் சுருதிக் குழல் பிடிக்க வசதி, 1 கட்டைக் குழல் நீளம் அதிகம், விரல் எட்டாது.

நாகசுர ஆசையை அணைத்துவிடாதீர்கள். குழலில் மூச்சு நிலைத்தபின் குரு ஒருவரிடம் விடுங்கள், அவர் முதலில் சீவாளியை மட்டும் கொடுத்து ஊதச் சொன்னால் 'வாத்தியத்தையே கொடுக்கவில்லையே' என்று நினைக்க வேண்டாம். ட்ரம்பெட்காரருக்கு மவுத்பீஸ் செய்கிற வேலையைத்தான் அங்கே சீவாளி செய்கிறது. வாங்குகிற நாள் வந்தால் நரசிங்கம்பேட்டைக் கைவேலையைக் கேளுங்கள், ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

மகனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. ட்ரம்பெட் வகுப்பை நிறுத்த வேண்டுமா? (வாசகர், திங்கள்சந்தை)

நிறுத்திவையுங்கள். மேல் முன்பல் ஏழு எட்டு வயதில் முளைத்துவிடும், நன்றாக இறங்கி உறுதியானபின் தொடரலாம். அதுவரை ரெக்கார்டர் ஊதட்டும், அதைப் பல்லால் கடிக்கத் தேவையில்லை, உதடு போதும். அந்த மாதங்களில் தாளமும் சுரம் வாசிக்கவும் கற்றுக்கொண்டால் திரும்பிப் போகும்போது மற்றப் பிள்ளைகளை விட முன்னால் இருப்பான்.

நான் சபையில் கீபோர்டு வாசிப்பேன். மகள் ட்ரம்பெட்டில் சி ஊதும்போது நானும் சி அழுத்தினால் சேரவே மாட்டேன் என்கிறது. வாத்தியம் பழுதா, அவள் காது பழுதா? (வாசகி, கருங்கல்)

இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. ட்ரம்பெட், கார்னெட், கிளாரினெட் மூன்றும் நம் பக்கத்தில் பெரும்பாலும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அவள் சி என்று ஊதினால் கீபோர்டின் பி ஃபிளாட்தான் கேட்கும். அவள் ஜி ஊதும்போது நீங்கள் எஃப் அழுத்துங்கள், சேரும். நீங்கள் சி மேஜரில் பாட்டு வாசித்தால் அவள் டி மேஜரில் ஊத வேண்டும். ரெக்கார்டருக்கு இந்தக் கணக்கு இல்லை. இன்னொன்று, வெப்பம் கூடக் கூட ஊதுகருவியின் சுருதி ஏறும், கீபோர்டு ஏறாது. ஆகவே பத்து நிமிடம் ஊதியபின்தான் சுருதி பார்க்க வேண்டும், ஏறியிருந்தால் டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க உள்ளே வெளியே நகர்த்துகிற குழாயை) ஒரு நூல் வெளியே இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நீண்ட சுரம் பிடித்து நிற்க, அவள் அதோடு சேர்த்து ஊதுவதைவிட நல்ல வார்ம் அப் கிடையாது.

ட்ரம்பெட்டின் வால்வு இறுகி மேலே வரமாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டோம், முதலில் சரியாகி இப்போது இன்னும் மோசம். மவுத்பீஸும் மாட்டிக்கொண்டது. (வாசகர், கொல்லங்கோடு)

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே அது உறைய ஆரம்பிக்கும், நாளானால் பிசுபிசுக்கும். வால்வும் அதன் உறைக்குழாயும் மயிரிழை இடைவெளியில் ஓடுகிறவை, அதற்கு வால்வு ஆயில்தான் வேண்டும். வால்வை ஒவ்வொன்றாகக் கழற்றி, வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் விட்டுக் கழுவி, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மூன்று நான்கு சொட்டு வால்வு ஆயில் விட்டு மாட்டுங்கள். வால்வில் 1, 2, 3 என்று எண் இருக்கும், அதனதன் இடத்தில்தான் போக வேண்டும், மெதுவாகத் திருப்பினால் 'டக்' என்று உட்காரும். இடம் மாறினால் காற்றே போகாது. ஸ்லைடுக்கு இந்த ஆயில் இல்லை, கிரீஸ்.

மாட்டிக்கொண்ட மவுத்பீஸைக் குறடு வைத்துத் திருகாதீர்கள், சுத்தியால் தட்டாதீர்கள், உள்ளே போகிற குழாய் முறுக்கிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்கென்றே ஒரு கருவி உண்டு, உங்கள் பேண்ட் மாஸ்டரிடமோ வாத்தியம் பழுது பார்க்கிறவரிடமோ இருக்கும், அங்கே கொண்டுபோங்கள். இனி மவுத்பீஸை மாட்டும்போது வைத்து லேசாக ஒரு திருகு, அவ்வளவு போதும் என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள், உள்ளங்கையால் தட்டி மாட்டுகிற பழக்கம்தான் இதைச் செய்கிறது.